ஓநாய்க்கு எந்தத் தோட்டா

ஓநாயைச் சுட எந்தத் தோட்டா நல்லது என்று டெல்பர்ட் கோப்பின் கடையில் யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு ஆணி வாங்க வந்தவன் ஆணி வாங்காமலே வீட்டுக்குப் போய்விடுவான். கடையின் முன்பாதியில் வேலிக் கம்பி, வாளி, தீவன மூட்டை. பின்பாதியில் துப்பாக்கிகள், ஒரு காபிப் பாத்திரம், அதைச் சுற்றி நாலு முக்காலி. அந்த முக்காலிகளில் உட்கார்ந்து சுட்ட ஓநாய்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் மொன்டானாவில் ஒரு ஓநாய்கூட மிச்சம் இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. வென்டெல் ஸ்டோர்டாலின் பண்ணையைச் சுற்றி ஒன்று மூன்று காலில் நடமாடிக்கொண்டிருந்தது.

மார்ச் மாதக் கடைசி. குட்டி போடும் பருவம் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. லோர்னா ஸ்டோர்டால் தாயில்லாக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் ரப்பர்க் காம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் வென்டெல் பின்பக்கம் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. அங்கே நடந்ததெல்லாம் அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"முந்நூறு மேக்னம் துப்பாக்கி எனக்குப் பத்தல, டெல்பர்ட். இன்னும் பெருசா வேணும்," என்றான் வென்டெல்.

"பத்தலையா?" என்றார் கெரிட் ஹூகெமா. ஒரே வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவர். வென்டெலோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து சண்டை போடுகிறவர். "எங்கப்பா அதை வெச்சு கரடியையே சாய்ச்சாருடா."

"சாய்ச்சதை நீ பாத்தியா?"

"நான் பாக்கல. கரடி பாத்துச்சு."

முக்காலிகள் சிரித்தன. வென்டெல் சிரிக்கவில்லை.

டெல்பர்ட் கோப்புக்கு நாற்பது வயது. அவனுடைய கடையில் நியாயமாகப் பேசுகிற ஒரே ஆள் அவன்தான் என்பதால் அவன் சொல்லை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்கண்ணே," என்றான். "கொயோட்டி நரிக்கு மட்டும்னா இருபத்திரண்டு காலிபர்ல வேகமானது ஏதாச்சும் போதும். தோலும் கெடாது. ஆனா அந்தக் குண்டு ஓநாயோட தோள் எலும்புல பட்டா மேலாப்புலயே செதறிடும், உள்ள போகாது. கொயோட்டிக்கும் ஓநாய்க்கும் ஒரே துப்பாக்கி வேணும்னா இருநூத்து நாப்பத்து மூணு எடுங்க. கனமான குண்டா போடுங்க. காத்துலயும் நிக்கும். சுடறப்ப தோள்ல உதையும் இருக்காது."

"உதையப் பத்தி இப்ப யாரு கேட்டா?" என்றான் வென்டெல்.

சட்டென்று வந்த குரல். லோர்னாவின் கை காம்புப் பெட்டிமேல் நின்றது.

"இருநூத்து நாப்பத்து மூணா!" என்று கெரிட் தொடையில் தட்டினார். "அது என் மருமக மான் சுடுறதுடா. வேணா கேட்டுப் பாக்கறேன், ஞாயித்துக்கெழமை தருவா."

வென்டெலின் காது மடல் சிவந்தது. "முந்நூத்து முப்பத்தெட்டு வரவழைச்சுக் குடு டெல்பர்ட்," என்றான். "அதுக்கு வேண்டிய குண்டு, காலித் தோட்டா, தோட்டா அடைக்கிற அச்சு எல்லாம் இன்னிக்கே எடுத்துட்டுப் போறேன்."

"அண்ணே, அது காட்டெருமை சுடுறது."

"ஓநாயோட கால்ல பட்டாலும் ஓநாய் அங்கயே விழணும். அதுதான் எனக்கு வேணும்."

காலில் பட்டால்கூட என்று சொல்கிறவன், காலில் படும் என்று எதிர்பார்க்கிறான் என்றுதானே அர்த்தம்? நாலு முக்காலியில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது ஆண்களுக்குக் காது கேட்காது. லோர்னாவுக்குக் கேட்டது.

வென்டெல் அந்த வட்டாரத்தில் பெயர் வாங்கியவன். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தீயணைப்புக் கொட்டகைக்குப் பின்னால் நடக்கும் சுடும் போட்டியில் பன்னிரண்டு வருஷம் பரிசு வான்கோழியை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். அப்படிப்பட்டவன் இரண்டு குளிர்காலத்துக்கு முன் சரிவில் வண்டி புரண்டு வலது காறை எலும்பை உடைத்துக்கொண்டான். உள்ளே ஓர் உலோகத் தகடும் ஆறு திருகாணிகளும் வைத்துத் தைத்தார்கள். சரியாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னான். சட்டையைக் கழற்றும்போது பார்க்கிற லோர்னாவிடமும் சொன்னான். முந்நூறு மேக்னத்தால் நாலு முறை சுட்டால் அந்தத் தகட்டின்மேல் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருக்கும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையை மாட்டுவான்.

ஸ்டோர்டால் வீட்டில் தோட்டா அடைப்பது லோர்னா. கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து அப்படித்தான். வென்டெலின் விரல்கள் மண்வெட்டிக்குப் பிறந்தவை. கோதுமைத் தவிட்டைவிடப் பொடியான வெடிமருந்தைத் தராசில் ஒவ்வொரு துணுக்காக ஏற்றி இறக்கும் பொறுமை அவளுக்குத்தான் உண்டு. கீழ்த்தளத்தில் அவளுடைய மேசை. ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கும்: என்ன குண்டு, எவ்வளவு மருந்து, எந்தத் தேதி. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் துப்பாக்கியின் குறி வைக்கப்படும், தூரம் கணிக்கப்படும். தோட்டா அடைக்கிறவர்கள் வேறெங்கே வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், அந்தச் சீட்டில் சொல்லக் கூடாது.

போன அக்டோபரில் லோர்னா அந்தச் சீட்டில் பொய் சொன்னாள். அவனுடைய தோளைப் பார்க்கப் பொறுக்காமல், தோட்டா அடைக்கிற புத்தகத்தில் போட்டிருக்கிற மிகக் குறைந்த அளவுக்கு மருந்தை இறக்கினாள். உதை குறையும், அவனுக்கு வித்தியாசம் தெரியாது, தெரிந்தாலும் குளிர் என்று நினைத்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டாள். சீட்டில் மட்டும் பழைய எடையையே எழுதி ஒட்டினாள். கேட்டால் அவன் ஒத்துக்கொள்ளமாட்டான், அதனால் கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அன்புக்காகச் செய்த திருட்டு இது ஒன்றுதான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

நவம்பரில் ஓநாய் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், இருநூற்றைம்பது கஜ தூரத்தில், மந்தையைப் பார்த்து நின்றது. வென்டெல் தனியாக இருந்தான், சுட்டான். ஓநாய் விழவில்லை, மூன்று காலில் ஓடிப்போனது. இரண்டு நாள் பனியில் இரத்தத்தைத் தேடித் தேடி நடந்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். அன்றிரவு சாப்பிடவில்லை. அடிபட்ட பிராணியை முடிக்காமல் விடுவதைப் போன்ற கேவலம் அவனுக்கு வேறில்லை. லோர்னா கீழே போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். குறைத்த மருந்துக்கு இருநூற்றைம்பது கஜத்தில் குண்டு நாலு விரல் கூடுதலாகக் கீழே இறங்கும். நாலு விரல். மார்பில் படவேண்டியது காலில் பட்டிருக்கிறது. தான்தான் அந்தக் காலை உடைத்தது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள்.

மூன்று கால் ஓநாயால் மானைத் துரத்த முடியாது. ஆட்டைத் துரத்த முடியும். ஜனவரியிலிருந்து பதினேழு தாய் ஆடுகள் போயின, எல்லாம் சினை. காவல் நாய் ஒன்றின் முகத்தைக் கிழித்துவிட்டது. ஒவ்வோர் ஆட்டையும் இழுத்துக் குழியில் போடும்போது வென்டெல் ஒரு வார்த்தை பேசமாட்டான். லோர்னாவும் பேசமாட்டாள். அவரவருக்கு அவரவர் காரணம்.

கடையிலிருந்து திரும்பிய சாயங்காலம் வென்டெல் முந்நூற்று முப்பத்தெட்டுக்கான அச்சையும் குண்டுப் பெட்டிகளையும் அவள் மேசைமேல் கொண்டுவந்து வைத்தான்.

"துப்பாக்கி அடுத்த வாரம் வந்துரும். இருபது அடைச்சு வை. மருந்து கொறைக்காம, புத்தகத்துல மேல என்ன இருக்கோ அதைப் போடு."

கொறைக்காம என்ற ஒரு சொல் அவளை அறைந்தது. அவன் எதையும் தெரிந்துகொண்டு சொல்லவில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று ஆகிவிட்டது. இந்தப் பீரங்கி அவன் தோளில் இருக்கும் ஆறு திருகாணியையும் பிடுங்கி எறியும். அதற்குக் காரணமும் அவளாக இருக்கவேண்டுமா?

"வென்டெல், உக்காரு," என்றாள். "நவம்பர்ல நீ சுட்ட தோட்டா. அதுல மருந்து கம்மி. நான்தான் கொறைச்சேன். உன் தோளுக்காக. சீட்டுல பழைய எடையவே எழுதிட்டேன்."

அவன் நின்றபடியே இருந்தான். "எவ்வளவு?"

"எட்டு கிரெய்ன்." அரை கிராம் எடைதான்.

அவன் மேசைமேல் இருந்த பழைய பெட்டியை எடுத்து, சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். படித்ததையே மறுபடி படித்தான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியை வைத்துவிட்டுப் படியேறி ஆட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர்களுக்குள் நடந்த பேச்சை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். எந்த ஆட்டுக்கு மடி கட்டியிருக்கிறது, எந்த ஆடு தீனி தின்னவில்லை, காபி இருக்கிறதா. முகத்தில் கோபமும் இல்லை. அவன் அவளைப் பார்ப்பான், ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும், பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போவான். லோர்னா தோட்டா அச்சைத் தொடவில்லை. அடைத்தாயா என்று அவன் கேட்கவுமில்லை.

வியாழக்கிழமை டெல்பர்ட் தொலைபேசியில் கூப்பிட்டுத் துப்பாக்கி வந்துவிட்டதாகச் சொன்னான். "நானும் வரேன்," என்றாள் லோர்னா. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முக்காலிகள் நிறைந்திருந்தன. டெல்பர்ட் நீளமான அட்டைப் பெட்டியைப் பிரித்து அந்த முந்நூற்று முப்பத்தெட்டை எடுத்துக் கொடுத்தான். வென்டெல் அதைக் கையில் வாங்கியதும் தோள் ஒரு பக்கம் இறங்கியது. லோர்னா மட்டும் அதைப் பார்த்தாள்.

"ஏன்டா, இதுக்குச் சக்கரம் கெடையாதா?" என்றார் கெரிட். "இழுத்துட்டுப் போக மாடு வேணும்னா என்கிட்ட கேளு."

"வாய மூடு கெரிட்."

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். பன்னெண்டு வான்கோழி ஜெயிச்சவன் ஒரு ஓநாயக் கால்ல சுட்டுட்டு, துப்பாக்கி சின்னதுன்றான். வயசாயிருச்சுன்னு சொல்லேன். கண்ணு மங்கிருச்சுன்னு சொல்லேன். எனக்கும் மங்கிருச்சு, நான் சொல்லல?"

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் யாரும் சிரிக்கவில்லை, எல்லோருமே உள்ளுக்குள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வென்டெலின் முகம் சுண்டிப்போனது. லோர்னாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அவர் கண்ணுல ஒண்ணும் இல்ல," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "தப்பு என்னோடது. தோட்டாவுல நான் மருந்தக் கொறைச்சேன். எட்டு கிரெய்ன். அவர்கிட்ட சொல்லல. சீட்டுல பொய் எழுதினேன். குண்டு கீழ இறங்கி கால்ல பட்டது அதனாலதான்."

சீட்டில் பொய் என்பது அங்கே சின்ன விஷயமில்லை. ஒருவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். டெல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான். லோர்னாவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல் இருந்தது.

முதலில் வாய் திறந்தவர் கெரிட்தான். "அப்படிப் போடு! நான் அன்னிக்கே சொன்னேன்ல, வென்டெல் கைக்கு இந்தத் தப்பு வராதுன்னு?" அவர் எந்தக் காலத்திலும் அப்படிச் சொன்னதில்லை. "அடேயப்பா லோர்னா, இந்த மனுஷனை அஞ்சு மாசமா எங்க வாயில போட்டு மென்னுட்டோமே! குறி சரியாத்தான் இருந்திருக்கு, தோட்டாதான் கெடுத்திருக்கு."

"அதானே பாத்தேன்," என்றது இன்னொரு முக்காலி.

ஒரே நிமிஷத்தில் வென்டெலின் பன்னிரண்டு வான்கோழிகளும் அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. அவன் சும்மா இருந்தால் போதும். ஒரு முறுவல், மனைவிமேல் ஒரு பொய்க் கோபம், அவ்வளவுதான், கதை முடிந்தது. லோர்னா அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

வென்டெல் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். மெதுவாக, சத்தமில்லாமல் வைத்தான்.

"குண்டு கீழ இறங்கும்," என்றான். "பக்கத்துல போகாது."

"என்னடா சொல்ற?"

"மருந்து கொறைஞ்சா குண்டு நேராக் கீழதான் இறங்கும் கெரிட். நாலு விரல். ஓநாய் எனக்கு வலப்பக்கம் பாத்து நின்னுச்சு. நான் பிடிச்ச குறி முன்னங்காலுக்குப் பின்னாடி, மார்ல. அங்கேர்ந்து நாலு விரல் இறங்கினா என்ன இருக்கு? இதயம் இருக்கு. இவ கொறைச்ச மருந்துக்கு அது நின்ன எடத்துலயே செத்திருக்கணும்." மூச்சு விட்டான். "பட்டது பின்னங்கால்ல. இடது பக்கம் ரெண்டடி தள்ளி. ரெண்டு நாள் அந்தக் காலடியப் பாத்துக்கிட்டே நடந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

வென்டெல் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினான்.

"நான் கண்ண மூடிட்டேன்," என்றான் வென்டெல். "விசைய அமுக்குறதுக்கு முன்னாடியே. தோள் வலிக்கப் போகுதுன்னு பயந்து, கண்ண மூடிக்கிட்டு வெடுக்குனு இழுத்துட்டேன். வண்டி புரண்டதுலேர்ந்து இப்படித்தான். எங்க பட்டுச்சு, எப்படி ஓடுச்சு, ஒண்ணையும் நான் பாக்கல."

துப்பாக்கி உதைக்கும் என்று பயந்து கண்ணை மூடுவது அந்த ஊரில் எல்லோருக்கும் எப்போதாவது வந்து போகிற வியாதி. அதை இப்படி வாய்விட்டுச் சொன்னவன் அதுவரை ஒருவனும் இல்லை. பெரிய துப்பாக்கி வாங்கி அதை மறைப்பதுதான் வழக்கம். பெரிய துப்பாக்கி இன்னும் பலமாக உதைக்கும், கண் இன்னும் சீக்கிரம் மூடும், பிறகு அதைவிடப் பெரியது வாங்குவார்கள். டெல்பர்ட் கோப்பின் பாதி வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது.

கெரிட் தன் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அந்த மேக்னம் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இதைத் திருப்பி அனுப்பிடு," என்றான் வென்டெல் டெல்பர்டிடம். "அந்த இருநூத்து நாப்பத்து மூணு. நீ அன்னிக்குச் சொன்னது. இருக்கா?"

"இருக்குண்ணே."

"குடு."

வண்டி பாதித் தூரம் வந்திருந்தது. மலைப்பக்கத்திலிருந்து காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"வீட்டுலயே ஏன் சொல்லல?" என்றாள் லோர்னா. "ஒரு வாரம் நான் செத்துச் செத்துப் பொழைச்சேன்."

"சொல்லணும்னுதான் நெனச்சேன்." அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ சொன்னதும் மொதல்ல எனக்கு வந்தது கோவம் இல்ல லோர்னா. நிம்மதி. அப்பாடா, இவமேல போட்டுறலாம்னு. கொட்டகையில போய் நின்னு அதைத்தான் நெனச்சேன். ஒரு வாரமா அந்த நெனப்ப விட முடியல."

அவளுக்குக் கோபம் வந்தது. சரியான கோபம். தான் அழுதுகொண்டு பாத்திரம் கழுவிய இரவுகளில் இவன் இதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். "பாவி," என்றாள். "நீ நல்லா இரு."

"நீ சீட்டுல பொய் எழுதினதும் எனக்கு இன்னும் ஆறல," என்றான் அவன்.

"ஆற வேணாம்."

"சரி."

வீடு வரும்வரை அவ்வளவுதான். ஆனால் இறங்கும்போது அவன் துப்பாக்கிப் பெட்டியை அவளிடம் கொடுத்தான், அவள் வாங்கிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கியது. கொட்டகையில் குட்டிகள் விழுந்துகொண்டிருந்தன. அதற்கு நடுவே தினமும் அரைமணி நேரம் பழைய சரளைக் குழிக்குப் போவார்கள். லோர்னா பத்துத் தோட்டாக்கள் கொண்டுவருவாள். அவற்றில் சிலவற்றில் மருந்தே இருக்காது, வெறும் குண்டு செருகிய பொய்த் தோட்டா. எதில் மருந்து இருக்கிறது என்று வென்டெலுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக அவள்தான் எடுத்துப் போடுவாள். பொய்த் தோட்டா வரும்போது துப்பாக்கி வெடிக்காது, வெறும் டிக் என்ற சத்தம்தான் வரும். அப்போது துப்பாக்கி அசையாமல் இருந்தால் சுடுகிறவன் அசையவில்லை. அவன் கண்ணை மூடி இழுத்திருந்தால் குழல் தரையைப் பார்த்துக் குனியும். மறைக்கவே முடியாது. நிஜத் தோட்டா என்றால் குண்டு விலகிப் போய்க் காட்டிக்கொடுக்கும்.

முதல் நாள் பத்தில் ஆறு முறை அவன் அசைந்துவிட்டான். இத்தனைக்கும் அந்த இருநூற்று நாற்பத்து மூன்று உதைப்பதே இல்லை, தோளில் தட்டிக்கொடுப்பதுபோல்தான் இருக்கும். தோளுக்கு அது புரிந்துவிட்டது, உடம்புக்குப் புரியவில்லை.

"ஆறு," என்பாள் லோர்னா. நயமாகவும் சொல்லமாட்டாள், கடுமையாகவும் சொல்லமாட்டாள்.

"ஆறு," என்று அவனும் சொல்லிக்கொள்வான்.

பிறகு ஐந்து. மறுபடி ஆறு. ஒரு வாரம் கழித்து மூன்று. ஏப்ரல் பாதியில் இரண்டுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. எத்தனை நாள் முயன்றும் இரண்டுக்குக் கீழே போகவில்லை. நிஜத் தோட்டாக்கள் நூறு கஜத்தில் ஒரு தேநீர்த் தட்டுக்குள் விழுந்தன, அந்த இரண்டைத் தவிர. "வந்துரும்," என்றாள் லோர்னா. அவன் குனிந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்கினான்.

ஏப்ரல் மூன்றாம் வாரம், விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், மேற்கு மேய்ச்சல் வேலியோரம் நாய்கள் ஒரு மாதிரி குரைத்தன. அந்தக் குரைப்பு இருவருக்கும் தெரியும். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் போய்ப் படுத்தார்கள். வென்டெல் துப்பாக்கியோடு, லோர்னா பைனாகுலரோடு.

ஓநாய் ஓடைக்கரை வழியாக வந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறம், குளிர்காலத்து முடி பிய்ந்து தொங்கியது. வலது பின்னங்கால் தரையில் படவே இல்லை. மூன்று எட்டு வைக்கும், நிற்கும், மறுபடி மூன்று எட்டு. விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. பதினேழு ஆட்டைத் தின்ற பிராணி அது. அதைப் பார்த்தால் தனக்கு வெறுப்பு வரும் என்று லோர்னா நினைத்திருந்தாள். வெறுப்பு வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. இதை இன்றைக்கு முடித்தாகவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நூற்றெண்பது கஜம். ஓநாய் நின்று, குட்டிகள் இருந்த பக்கம் தலையைத் திருப்பியது. பக்கவாட்டில் முழு உடம்பும் தெரிந்தது. காற்று இல்லை. இதைவிடச் சுலபமான குறி கிடைக்காது.

லோர்னா பைனாகுலரை இறக்கிவிட்டு வென்டெலைப் பார்த்தாள். கன்னம் துப்பாக்கியின் கட்டையில் ஒட்டியிருந்தது. விரல் விசைமேல் இருந்தது. கண் திறந்திருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் சுடவில்லை. கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுத்தான்.

"என்னாச்சு?" என்றாள் மெல்ல.

"பத்துக்கு ரெண்டு," என்றான்.

"மீதி எட்டு சரியா இருக்கே வென்டெல்."

"போன தடவையும் அந்த எட்டுல ஒண்ணுன்னுதான் நெனச்சேன். இதுக்கு இன்னொரு தடவை அந்த ரெண்ட நான் குடுக்கமாட்டேன்." அவன் ஏற்கெனவே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தான். "நீ வா. சீக்கிரம். நீ சுடு."

நாற்பது வருஷத்தில் அவன் குறி பிடித்த துப்பாக்கியை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. லோர்னா இப்போது இதைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் படுத்திருந்த சூட்டிலேயே போய்ப் படுத்தாள். முன்னங்காலுக்குப் பின்னால் குறியைப் பிடித்தாள். பாதி மூச்சை விட்டாள். அமுக்கினாள்.

ஓநாய் நின்ற இடத்திலேயே சரிந்தது. ஒரு கால் ஒரு முறை அசைந்தது, அப்புறம் ஒன்றுமில்லை.

சத்தம் மலையில் போய் மோதித் திரும்பி வரும்வரை இருவரும் அசையவில்லை. லோர்னா காலித் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். வென்டெல் பைனாகுலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடைக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"பாத்தேன் லோர்னா," என்றான். "கண்ண மூடல. அது விழுற வரைக்கும் பாத்தேன்."